முனியாண்டி கோயில் மோரிஸ்

ஒரு பழைய காடியப் பாக்குறதுக்குச் செருப்பக் கழட்டச் சொல்றாங்க தம்பி... நீங்களே சொல்லுங்க, புதுக் காடிக்குப் பூசை போட வந்திருக்கீங்க, இது நாயமா? பூசாரி வர நேரமாகும்லா, அவசரப்படாதீங்க.

அந்தா, கோயிலுக்குப் பக்கத்துல தகரக் கொட்டாய்ல மாலையும் குங்குமமுமா நிக்கிதே, அது சாமி இல்ல. மோரிஸ் எய்ட் காரு. இந்த சுங்கை லாலாங் தோட்டத்து வெள்ளக்காரத் தொர ஓட்டுன காடி. கோழி அடைஞ்சு கெடந்துச்சு. நாந்தான் கண்டுபிடிச்சு ஞாயிறு பேப்பர்ல எழுதுனேன். என்னா ஆச்சு? கோழிய வெரட்டிட்டுச் சூடம் காட்டுறாங்க.

எனக்கா? காடிங்களோட சரித்திரம் எழுதுறதுதான் வேல. மூணு பொஸ்தகம். சிரிக்காதீங்க, வீட்டுல பிரேமாவதி சிரிக்கிறது போதும். காடியப் பத்தி மூணு பொஸ்தகம் எழுதுன மனுசன் மோட்டர் சைக்கிள்ல போறாரேன்னு. போறேன், என்னா இப்ப... சில சமயம் எனக்கே தோணும், இதெல்லாம் யாருக்காக எழுதுறோம்னு. சரி, அத விடுங்க.

நாலாவது பொஸ்தகம் இந்த மோரிஸ் பத்தித்தான். சப்பான்காரன் சண்டைக்கு முந்தியே வந்த காடின்னு எழுதிட்டேன். பினாங்குல ரவிச்சந்திரன்னு ஒருத்தன், அவனும் இதே எழுத்துதான், இல்ல இல்ல சண்டைக்கு அப்பறம்னு ஃபேஸ்புக்ல போட்டுட்டான். முந்தி வந்ததும் அப்பறம் வந்ததும் வெளிய பாத்தா ஒரே சாயல். எஞ்சின் நம்பரப் பாத்தாத்தான் தெரியும். அச்சாபீஸ்காரன் இன்னைக்கி வரைக்கும்தான் பொறுப்பேன்னுட்டான்.

கோயில் தலைவர் பக்கிரிசாமி பானெட்டத் தொறக்கவே மாட்டேன்னாரு. பொங்கல்ல இருந்து கெஞ்சுறேன். நல்ல நாள் பாக்கணுமாம், மாலை வாங்கிட்டு வரணுமாம். வாங்கிட்டு வந்தேன். இப்பத்தான், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி தொறந்தாரு.

உள்ள ஒரு வெளக்கு எரியுது தம்பி. எஞ்சின் இல்ல.

எங்கண்ணே எஞ்சின்னேன். பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுத்தான் இந்தக் கூரைக்குத் தகரம் வாங்குனோம்ங்குறாரு, நிதானமா. சரித்திரத்த வித்துட்டீங்களேன்னேன். அவருக்குல்ல கோவம் வருது...

“நீங்கதானே பேப்பர்ல எழுதுனீங்க, இந்தக் காடியோட உசுரு எஞ்சின்ல இல்ல, தோட்டத்துச் சனங்க நெஞ்சுல இருக்குன்னு? அதப் படிச்சிட்டுத்தான் கூட்டம் போட்டு முடிவு பண்ணோம்.”

எழுதுனேன் தம்பி. கடைசி வரி. முடிக்கும்போது அழகா இருக்கட்டுமேன்னு போட்டது...

அட, பேசிக்கிட்டே இருக்கேன், பூசையே முடிஞ்சிருச்சா? எலுமிச்சம்பழத்து மேல ஏத்தியாச்சா? தம்பி, ஒரு நிமிசம், கண்ணாடிய ஏத்தாதீங்க. உங்க பானெட்டத் தொறந்து காட்டிட்டுப் போங்களேன். எஞ்சின்னு ஒண்ணக் கண்ணால பாத்துட்டாவது வீட்டுக்குப் போறேன்.