அவன் பொருள் அவனுக்கே

எங்கள் பள்ளத்தாக்கில் என்னைவிட மோசமாகக் குறிபார்ப்பவன் கிடையாது. நான் வேட்டைக்குப் போனால் மான்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போகும். சுட வராதவன் சுடாமல் இருக்கவாவது சொல்லித்தரலாமே என்றுதான் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன், ஷெரீஃப். மொன்டானாவில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினை, சுட விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே. நீங்களும் கேட்டதுதான்.

வெண்டல் எனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன், பள்ளிக்கூடத்து நண்பன். போன இலையுதிர்காலத்தில் அவன் மனைவி ஐரீன் இறந்துபோனாள். சில நாள் கழித்துத் தன் கைத்துப்பாக்கியோடு என் வீட்டுக்கு வந்தான்.

"இதை உன் பெட்டகத்துல வெச்சுப் பூட்டுடா மெர்ல். இது வீட்ல இருந்தா என்னையே என்னால நம்ப முடியல. நான் வந்து அழுதாலும் தராதே."

"நீ அழுதா பாக்கச் சகிக்காது. அதுக்காகவே குடுத்துத் தொலைச்சிடுவேன்டா."

சிரித்தான். அவளைப் புதைத்த பிறகு அன்றுதான் சிரித்தான்.

மனம் சரியில்லாதவன் துப்பாக்கியை நண்பனிடம் கொடுத்து வைப்பான், இங்கே அதுதான் வழக்கம். அரசாங்கம் கிடையாது, நீதிபதி கிடையாது, இரண்டு பேருக்குள் முடிகிற விஷயம். வகுப்பில் நான் 'பொறுப்பு' என்று சொல்வதும் இதைத்தான். குளிர்காலம் முழுக்க வெண்டல் என் வீட்டில்தான் சாப்பிட்டான். மான்கறியில் உப்பு இல்லை என்று திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

அப்புறம்தான் அந்த மசோதா வந்தது. மனம் உடைந்தவனின் துப்பாக்கியை நீதிபதி உத்தரவு போட்டு வாங்கி வைக்கலாமாம். தலைநகரில் அதற்கு ஆதரவாகப் பேசப் போவதாக வெண்டல் சொன்னான்.

"உண்மையைத்தான்டா சொல்லப் போறேன். அது கையில இல்லாததாலதான் நான் உயிரோட இருக்கேன். எல்லாருக்கும் ஒரு மெர்ல் கிடைப்பானா? கிடைக்காதவனுக்குச் சட்டமாவது வேணும்ல?"

என்னைப் புகழ்ந்துதான் சொன்னான். அதுதான் வலித்தது. தானாக ஒப்படைப்பது வேறு, பறிப்பது வேறு என்று பொறுமையாக விளக்கினேன். அவன் கேட்கவில்லை. மனைவியை இழந்த ஒருவன் சட்டசபையில் நின்று கண்ணைத் துடைத்தால் போதும், அப்புறம் யாரும் உரிமையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அவன் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஐரீனின் பிறந்தநாள். வருஷாவருஷம் அங்கே கேக் தின்ற எனக்கு அது மறக்குமா? மதியம் அவன் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, குண்டு நிரப்பி எடுத்துப் போனேன். சமையலறையில் அவள் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் கேக்கலையேடா" என்றான். முகம் வெளுத்துவிட்டது.

"உன் உரிமையை இன்னொருத்தன் பூட்டி வெச்சிருக்கறது தப்புடா."

"எடுத்துட்டுப் போ மெர்ல். இன்னிக்கு மட்டும் வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்."

குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேசைமேல் மெதுவாக வைத்தேன்.

"ஐரீன் பாவம்டா, பிறந்தநாள் அதுவுமா தனியா இருக்கா" என்று மட்டும் சொன்னேன்.

நான் மிரட்டவில்லை. விசையைத் தொடவில்லை. சுதந்திரமான ஒரு மனிதன், அவன் வீடு, அவன் பொருள். அதில் தலையிட நான் யார்?

வெளியே வந்து என் வண்டியில் உட்கார்ந்தேன். அவன் ஒருமுறை ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தான். நான் திரும்பி உள்ளே வருவேன் என்று நினைத்தானோ என்னவோ. கையசைத்தேன். சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன். அப்படி ஒரு நேரத்தில் நண்பனைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை, ஷெரீஃப்.