சாரதாம்பாள் சொல்லாத பெயர்கள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் பெரியவர் அப்பாசாமி அவர்களே! தாயை இழந்து நிற்கும் மகள் விஜயாவே! அஞ்சாமல் இங்கே கூடியிருக்கும் காஜா பேராங் மக்களே!

ஆசிரியை சாரதாம்பாள் அம்மையாரோடு பதினோரு ஆண்டுகள் ஒரே பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். ஜப்பானியர் வந்தார்கள், ஆங்கிலம் கூடாது என்றார்கள். நாமெல்லாம் புத்தகங்களை மூட்டை கட்டினோம். அம்மையார் கட்டினாரா? இல்லை!

போன வருஷம் அவர் வீட்டுக்கு ஒரு பெண் அழுதுகொண்டே ஓடி வந்தார். காயத்துக்கு மருந்து போடும் வேலை செய்பவர். எந்த மருந்தகம் என்று சொல்ல மாட்டேன். கையில் ஒரு புட்டி. 'திஸ் லோஷன் இஸ் சேஃப் ஒன்லி வென் டைல்யூட்டட்' என்று அதில் எழுதியிருந்தது. தண்ணீர் கலந்தால்தான் இந்த மருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தம். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததோ லோஷன், சேஃப் என்ற இரண்டே சொல். தண்ணீர் கலக்காமல் ஊற்றிவிட்டார். நோயாளியின் கால் வெந்துபோனது.

"பாதி வார்த்தைய முழுங்கிட்டு எழுதியிருக்கான் டீச்சர், எனக்கு எப்படிப் புரியும்?"

"முழுங்கினத நாம வெளிய எடுப்போம். உக்காரு."

'வென் இட் இஸ் டைல்யூட்டட்' என்று முழுதாக எழுதினார். நடுவில் இருந்த 'இட் இஸ்' இரண்டையும் அடித்துக் காட்டினார். முன்னும் பின்னும் எழுவாய் ஒன்றாக இருந்தால்தான் இப்படிச் சுருக்கலாம் என்று விளக்கினார். அடுத்த வாரம் ஒன்பது பெண்கள் வந்தார்கள். "வெள்ளைக்காரன் மொழி நமக்கு எதுக்கு?" என்று நானே கேட்டேன். "யார் வந்து ஆண்டாலும், நாம என்ன படிக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும் சார்" என்றார்.

யாரோ காட்டிக்கொடுத்தார்கள். அம்மையாரின் பயிற்சித் தாள் இராணுவப் போலீஸிடம் சிக்கியது. அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பாதி வாக்கியம், அடித்த சொற்கள்... அவர்களுக்கு அது ரகசியச் செய்தியாகத் தெரிந்தது! 'வீட்டை விட்டுக் கிளம்புமுன் அவள் கதவைப் பூட்டினாள்' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம். அதில் 'ஷீ', அதாவது 'அவள்' என்ற சொல் ஓரிடத்தில் அடிக்கப்பட்டிருந்தது.

"அடித்து மறைத்த இந்தப் பெண் யார்?" என்று மொழிபெயர்ப்பாளன் கேட்டான்.

"இலக்கணம் ஐயா. ரெண்டு இடத்திலயும் ஒரே ஆள். அதனால ஒரு இடத்துல எடுத்துட்டேன்."

"அந்த ஆளின் பெயர்?"

"சாரதாம்பாள்."

"அடுத்த வாக்கியத்தில்?"

"சாரதாம்பாள்."

இருபத்து நான்கு வாக்கியங்கள்! இருபத்து நான்கு முறையும் அதே பதில்! ஒவ்வொரு பதிலுக்கும் அடி. ஒன்பது பெண்களில் ஒருத்தி பெயராவது வந்ததா? வரவில்லை! பன்னிரண்டு நாள் கழித்து வெளியே விட்டார்கள். பாயில் படுத்தபடி இதையெல்லாம் என்னிடம் சொன்னவர், "அந்த ஆளுக்குக் கடைசி வரைக்கும் இலக்கணம் புரியல சார்" என்று சிரிக்கப் பார்த்தார். விலா எலும்பு விடவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

காய்ச்சலில் இறந்தார் என்று சொல்லச் சொன்னார்கள். சொல்ல மாட்டேன்! அடித்துக் கொன்றார்கள்!

அன்பர்களே, அழுதது போதும். பாடம் நிற்காது. வரும் புதன்கிழமை முதல் நான் நடத்துவேன். வாசல் தூணோரம் நின்று குறிப்பெடுக்கும் ஐயா, இதையும் எழுதிக்கொள்ளும். என் பெயர் மருதமுத்து. காஜா பேராங்கில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.