வெளிமேசைக்கு ஒரு கணப்பு

– அக்கா, ஒரு நிமிஷம். நீங்க வாங்க வந்தீங்களா, இல்ல என் கடையில வேலைக்குச் சேர வந்தீங்களா? நான் சொல்ல வேண்டியதையெல்லாம் நீங்களே சொல்லிட்டிருக்கீங்க.

– நல்லதை நல்லதுன்னுதானே சொல்லணும், தம்பி? மேல குடையைப் பாருங்க, ஒரு நெளிசல் இல்ல. கம்பத்தைத் தட்டுனா கிண்ணுனு கேக்குது.

– தோக்சிம், கட்டுன புருஷன் சொல்றேன், கேளு. பேரம்னா மூஞ்சியச் சுளிக்கணும். 'இதுக்கா இந்த விலை'ன்னு ரெண்டடி பின்னால போகணும். நீ என்னடான்னா பொண்ணு பாக்க வந்த மாமியா மாதிரி குளிர் காயுற அந்த காஸ் ஹீட்டரோட கன்னத்தைத் தடவிட்டு நிக்கிற.

– என்னங்க, நீங்க செத்த சும்மா இருங்க. சந்தைக்குள்ள நுழைஞ்சதுலேர்ந்து குத்தம், குத்தம்.

– குத்தம் இருக்கு, சொல்றேன். முதலாளி, காந்தம் வச்சிருக்கீங்களா?

– காந்தம் இல்லாம இந்த ஹ்வாங்ஹாக் பழைய சாமான் சந்தையில கடை போட முடியுமா, அண்ணே? வர்றவங்க எல்லாரும் போன்ல எதையாவது பாத்துட்டு வந்து முதல்ல காந்தம்தான் கேக்குறாங்க. இந்தாங்க. ஒட்டிப் பாத்து மனசு ஆறுங்க.

– ஒட்டுது! பாத்தியா, ஒட்டுது. எவர்சில்வர்னு சொல்லி இரும்பைத் தலையில கட்டப் பாக்குறாரு.

– அது அடிப்பாகம் அண்ணே. அடியில இரும்பு இல்லேன்னா முதல் காத்துக்கே சாஞ்சு எவன் சூப்புலயாவது விழும். மேல, தீ எரியுற கொண்டைகிட்ட வைங்க. ஆங். இப்ப ஒட்டுதா?

– கீழ விழுந்துடுச்சு.

– அவ்ளோதான். தீ படுற இடம் எவர்சில்வர், பாரம் தாங்குற இடம் இரும்பு. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது எனக்கு. தலை நரைச்சதே இந்தச் சந்துல குந்தித்தான்.

– தம்பி, இது யார் கடையில இருந்தது?

– ரெண்டு பசங்க காபிக்கடை போட்டாங்க, அக்கா. இலை உதிர்றப்ப திறந்தாங்க, பனி விழறதுக்குள்ள பூட்டிட்டாங்க. அதான் இவ்ளோ புதுசு. நல்லா ஓடுன கடைச் சாமான் தேஞ்சு வரும், சீக்கிரம் படுத்த கடைச் சாமான்தான் பளபளன்னு வரும். என் பொழப்பைப் பாருங்க, ஊருக்குள்ள ஒருத்தன் நொடிச்சாத்தான் எனக்கு நல்ல சரக்கு.

– ராசி இல்லாத சாமான்னு சொல்லுங்க.

– ராசி பாத்தா இந்தச் சந்தையில ஒரு கரண்டி வாங்க முடியாது, அண்ணே.

– என்ன விலை, தம்பி?

– ஒண்ணேகால் லட்சம் வோன். புதுசு இதுக்கு ரெண்டு மடங்கு. ஆன்லைன்ல மலிவாக் கிடைக்கும், ஆனா தகரம் அப்பளம் மாதிரி இருக்கும். பிரிச்சதும் எனக்கு போன் பண்ணி, 'எடுத்துக்கிறீங்களா'ன்னு கேப்பீங்க.

– அதோ அந்த மூலையில சாய்ச்சு வச்சிருக்கே, அது?

– அதுவா? அம்பதாயிரம். ஆனா நான் உங்களுக்குக் குடுக்க மாட்டேன். கொண்டையில இருக்கிற வலை கருகிப் போச்சு. தீ சிவப்பா வராது, மஞ்சளா வரும். புகை அடிக்கும், சூடு ரெண்டு சாண் தாண்டாது. எந்நேரம் அணையும்னும் தெரியாது.

– சூடு தாண்டாது, அடிக்கடி அணையும். அப்படித்தானே?

– ஆமாண்ணே.

– அதைக் கட்டுங்க. அதான் எங்களுக்கு வேணும்.

– அண்ணே, காலையிலேர்ந்து நான் இன்னும் சாப்பிடக்கூட இல்ல. கிண்டல் பண்ணாதீங்க.

– அவர் பேச்சை விடுங்க, தம்பி. இதைப் பத்த வச்சுக் காட்டுங்க.

– காட்டுறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அக்கா. ஒரு சொடக்கு… ரெண்டு… ஆங், பிடிச்சிருச்சு. வலையைப் பாருங்க. சுத்தி வர ஒரே மாதிரி செவக்கணும். எங்கயாவது கறுப்பாத் திட்டு தெரிஞ்சா சரக்கு போச்சுன்னு அர்த்தம். தெரியுதா?

– இல்ல. சூளை மாதிரி செவந்திருக்கு.

– இப்பக் கம்பத்தைச் சாய்க்கிறேன், பாருங்க. பட்டுனு அணைஞ்சுதா? குடிச்சவன் எவனாவது வந்து மோதுனாலும் அதுவா அணைஞ்சுக்கும். இந்த ரெண்டையும் பாக்காம யாரும் ஹீட்டர் வாங்கக் கூடாது.

– திரும்பப் பத்த வைங்க. நான் இப்படித் திரும்பி நிக்கிறேன். ம்… கைக்கு வருது. முதுகுக்கும் வருதான்னு பாக்கணும். அவருக்கு முதுகுதான் முதல்ல குளிரும், சின்ன வயசுலேர்ந்தே.

– யாருக்கு, அக்கா? உங்க கடைக்கு வெளிய எத்தனை மேசை?

– ஒண்ணு.

– எத்தனை பேர் உக்காருவாங்க?

– ஒருத்தர்.

– ஒரு மேசை, ஒரு ஆளு. அதுக்கு ஒண்ணேகால் லட்சமா? அக்கா, நான் விக்கிறவன். ஆனா எனக்கே மனசு கேக்கல.

– இப்பப் புரியுதா, முதலாளி, நான் ஏன் அந்தக் கருகுனதைக் கேட்டேன்னு? அந்த ஒரு ஆளு என் மச்சான். இவ கூடப் பொறந்த அண்ணன்.

– அண்ணனை ஏன் வெளிய உக்கார வைக்கிறீங்க?

– நான் எங்க உக்கார வச்சேன்? அவரா உக்காந்துக்கிறாரு.

– கேளுங்க, முதலாளி. நூடுல்ஸ் கடை எங்களது, பின்னாலேயே வீடு. மாமியா போய்ச் சேர்ந்து முதல் திவசம். மூத்த புள்ள மச்சான்தான் மது ஊத்தி, விழுந்து கும்பிட்டு, எல்லாத்தையும் முன்னால நின்னு செய்யணும். மனுஷன் அந்த வருஷம் சர்ச்சுல சேர்ந்துட்டாரு. 'சாப்பாட்டை வச்சுக் கும்பிட மாட்டேன், வேணும்னா ஜெபம் பண்றேன்'னு கையைக் கட்டிட்டு நின்னுட்டாரு.

– பெத்தவளுக்குக் குனியாத முதுகு என்ன முதுகு, தம்பி? எனக்கு ஆத்திரம் தாங்கல. 'அம்மாவைக் கும்பிடாதவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டேன்.

– அதோட விட்டாளா? மாமியா படத்து மேல சத்தியம் வேற. மறுநாள் மத்தியானம் மச்சான் வந்தாரு. வாசப்படி மிதிக்கல. வெளிய காலி டப்பாங்க வைக்கிற மேசையைத் துடைச்சுட்டு உக்காந்து, 'ஒரு கிண்ணம் நூடுல்ஸ்'னாரு. அன்னைலேர்ந்து தினம் வர்றாரு. மழை பாக்குறதில்ல, பனி பாக்குறதில்ல.

– பணம் குடுப்பாரா?

– சில்லறை சுத்தமா. உறவு முறிஞ்சாலும் கணக்கு முறியலை. நூடுல்ஸைப் பாத்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாரு. இவ உள்ளேர்ந்து, 'என்னங்க, சுருக்கமா ஜெபம் பண்ணச் சொல்லுங்க, நூடுல்ஸ் ஊறிப் போகுது'ம்பா. நான் போய்ச் சொல்லணும். அவர், 'உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு சொல்லுங்க, மாப்பிள்ளை'ம்பாரு. நான் வந்து சொல்லணும். ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு முழம்தான். குசுகுசுன்னு பேசினாலே காதுல விழும். ஆனாலும் நான் நடந்தாகணும். எனக்கு முட்டி போனதே அந்த நாலு முழத்துலதான், முதலாளி.

– சிரிக்காதீங்க, தம்பி. இந்தக் குளிருக்கு அவருக்கு இருமல் வந்துடுச்சு. நேத்து ஒரு கிண்ணத்தைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு தடவை கீழ வச்சு இருமுனாரு. நான் ஜன்னல் வழியா பாத்தேன்.

– பாக்க மட்டும் செய்வா. கிண்ணத்துக்கு அடியில ரெண்டு மடங்கு சிப்பிக் கறி ஒளிச்சு வைப்பா. வாய் திறந்து 'உள்ள வா'ன்னு ஒரு வார்த்தை வராது.

– சொன்னா சொன்னதுதான்.

– அங்கேயும் அதே கதைதான். ஒரே வயித்துல பொறந்த ரெண்டு கல்லு. இப்பச் சொல்லுங்க, முதலாளி. வெளிய சூடு பண்ணிக் குடுத்தா அந்த மனுஷன் ஆயுசுக்கும் அங்கேயே உக்காந்துடுவாரு. எங்க வீட்டுப் பஞ்சாயத்துல குளிர் ஒண்ணுதான் என் பக்கம் இருக்கு. அதையும் காசு குடுத்து விரட்டணுங்கிறா.

– நாலு குளிர்காலமா உங்க பஞ்சாயத்து என்னத்தைத் தீர்த்துச்சு? குளிர் அவரை உள்ள தள்ளல. இருமலைத்தான் குடுத்துச்சு.

– அக்கா, அண்ணே, நான் நடுவுல பேசக் கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன். பிப்ரவரி முடியப் போகுது. மார்ச் பொறந்தா இதை ஏறெடுத்துப் பாக்க ஆள் இருக்காது. ஜூன்ல வாங்க. இதே ஹீட்டர், பாதி விலை. பூட்டி வைக்கிறேன், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்.

– ஆகா! முதலாளி, உங்களுக்குத் தங்க மனசு. வா தோக்சிம், போலாம். ஜூன்ல வந்து வியர்வையைத் துடைச்சுக்கிட்டே வாங்குவோம்.

– இன்னைக்கே வேணும்.

– ஏன் அக்கா? குளிர் இன்னும் ரெண்டு வாரம். அதுக்கு இவ்ளோ காசு கொட்டணுமா?

– இவர் கையில இருக்கிற பையில மீனும் பேரிக்காயும் எதுக்குன்னு நினைச்சீங்க, தம்பி? நாளைக்கு சாயங்காலம் அம்மாவுக்குத் திவசம்.

– திவசத்துக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம், தோக்சிம்?

– கதவைத் திறந்து வைக்கணும்ல? திறந்து வச்சாத்தானே அம்மா உள்ள வருவா? போன வருஷம் திறந்த கொஞ்ச நேரத்துல காத்துல மெழுகுவர்த்தி அணைஞ்சுது, படைச்ச சூப் ஏடு கட்டிப் போச்சு. நீங்கதானே 'முட்டி விறைக்குது, சாத்து, சாத்து'ன்னீங்க? இன்னொரு தடவை விழுந்து கும்பிடறதுக்குள்ள சாத்திட்டோம். பாவம், அவ வந்தாளோ, வாசலோட திரும்பிட்டாளோ.

– அக்கா, இதை வீட்டுக்குள்ள வைக்கவே கூடாது. வாயு மூச்சை அடைச்சுடும். ஆளே போயிடும்.

– உள்ள இல்ல. வாசலுக்கு வெளிய, அந்த மேசைக்குப் பக்கத்துல. பாதிச் சூடு கதவைப் பாத்து வரட்டும், பாதிச் சூடு மேசையைப் பாத்துப் போகட்டும். அப்படித் திருப்பி வைக்கலாமா?

– இது சுத்தி வர அடிக்கும், அக்கா. திருப்பவே வேண்டாம்.

– அது இன்னும் நல்லது.

– நாளைக்குத் திவசம்னா கடை லீவுதானே, அக்கா. மேசையில யார் உக்காரப் போறாங்க?

– மேசை அங்கதான் கிடக்கு, தம்பி. நாற்காலியும் கிடக்கும். தெரு எல்லாருக்கும் பொது. யாராவது உக்காந்தா எழுந்து போன்னு நான் சொல்ல முடியுமா? மது ஊத்த வேண்டாம், விழுந்து கும்பிட வேண்டாம். உள்ளயும் வர வேண்டாம். கதவு திறந்திருக்கு, அம்மா படம் நேர தெரியும். அவர் சாமிகிட்ட அவர் முணுமுணுத்துட்டு உக்காந்திருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

– வருவாராக்கா?

– வர மாட்டாரு. வருஷம் பூரா வர்ற மனுஷன், திவசத்தன்னைக்கு மட்டும் அந்தத் தெருப்பக்கமே தலை காட்ட மாட்டாரு.

– வர மாட்டாருன்னு தெரிஞ்சுமா வாங்குறீங்க?

– அப்ப ஒண்ணேகால் லட்சம் எங்கம்மாவுக்குன்னு வச்சுக்குங்க. அவளுக்கும் குளிர் ஆகாது.

– ஒரு லட்சம் குடுங்க, அக்கா. போதும். இன்னைக்குச் சாயங்காலமே வண்டியில ஏத்தி விடுறேன். காஸ் குழாயைப் புதுசா மாத்திடுறேன், பழசை யாரும் நம்பக் கூடாது. என்ன அண்ணே, குத்தம் எல்லாம் தீர்ந்துடுச்சா?

– அவருக்கு வாய் வலிச்சிருக்கும், தம்பி. காஸ் எங்க வாங்குறது?

– பின் சந்துல என் கூட்டாளிதான். ஹீட்டரோடவே அனுப்பச் சொல்றேன். சின்ன சிலிண்டர்னா ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும். பெருசுன்னா ராத்திரி பூராவும் எரியும். எதைச் சொல்லட்டும்?

– சின்னதே போதும். திவசம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்.

– பெருசையே அனுப்பச் சொல்லுங்க, முதலாளி.

– என்னங்க? நீங்கதானே ஹீட்டரே வேண்டாம்னு குதிச்சீங்க?

– நேத்து காசு குடுக்கும்போது உங்கண்ணன் என் கையைப் பிடிச்சுட்டு விடல. நீ ஜன்னல்கிட்ட நிக்கிறியான்னு பாத்துட்டு, மெதுவாக் கேட்டாரு: 'திவசத்தன்னைக்கு உங்க வீட்டுக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும், மாப்பிள்ளை?'