இனிக்கப் பேசிய டொக்டருக்கு ஒரு பாராட்டுரை

விழாவுக்குத் தலைமை தாங்கும் தோட்டக் கமிட்டித் தலைவர் கறுப்பையா அவர்களே, மேடைக் கதிரைகளை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கையே விரித்து உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே, ஹந்தானைப் பக்கமிருந்து பஸ் மாறி வந்திருக்கும் உறவுகளே, மாலைகளுக்குள் முகம் புதைந்திருக்கும் விழா நாயகர் டொக்டர் ஐயா அவர்களே, உங்கள் அனைவரையும் இந்த ராஜலிங்கம் கைகூப்பி வணங்குகிறேன்.

நம் தோட்டத்து டொக்டர் மாற்றலாகிப் போகிறார். "ஒனக்குத்தான்டா நாக்கு நீளம், நீயே வாழ்த்திப் பேசு" என்று கமிட்டி என்னைப் பிடித்துத் தள்ளியது. வந்துவிட்டேன். வாழ்த்தத்தான் போகிறேன். அவருடைய மருந்தை அல்ல, பேச்சை.

மருந்தை யாரும் தரலாம். மனத்தைக் கரைக்கும் வார்த்தை யாருக்கு வரும்? முன்பிருந்த டொக்டர் நம் லயத்து வீட்டு வாசலில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு மாத்திரையை நீட்டினார். இவர் அப்படியா? குனிந்து உள்ளே வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நம் டம்ளரில் நம் தேத்தண்ணியைக் குடித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டுக் குடித்தார். நம் வீட்டுத் தண்ணியைத் தொடாத படித்தவர்களையே பார்த்துப் பழகிய சனம் நாம். உருகிப்போனோம். நம் வீட்டில் கை நனைத்தவர் சொல்லை எப்படித் தட்டுவது? ஊசி என்றார், கை நீட்டினோம். கசப்பு மருந்து என்றார், கண்ணை மூடி விழுங்கினோம். காய்ச்சல் போனது, பூச்சி போனது, தடுப்பூசிக்கு ஓடி ஒளிந்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இதையெல்லாம் இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

அதே தேத்தண்ணியை என் வீட்டிலும் குடித்தார். என் மனைவி பரிமளம் முதல் பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்த நேரம். உடம்பில் இரத்தமில்லை, எழுந்து நடக்கத் தெம்பில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, கொஞ்ச நாளைக்கு அடுத்த பிள்ளை வேண்டாம், என்ன? உடம்பு தேறட்டும். ஒரு சின்ன வெட்டுத்தான். நான் உனக்குக் கெடுதல் செய்வனோ?"

பரிமளம் கேட்டது ஒன்றே ஒன்று. "வலிக்குமாங்க ஐயா?"

"ஓம், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரிக்குப் போனாள், வெட்டுப்பட்டு வந்தாள். அடுத்த மழைக்காலத்தில் எங்கள் பிள்ளை வயிற்றோட்டத்தில் செத்துப்போனது.

யாரோ அங்கே உச்சுக் கொட்டுகிறீர்கள். பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை விரதம், எத்தனை கோயில்? தீ மிதித்தாள். மண்சோறு தின்றாள். "இன்னொருத்தியக் கட்டிக்கடா" என்று என் ஆத்தாளே அவள் காதுபடச் சொன்னாள். டொக்டர் ஐயா வந்தபோதெல்லாம் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "எனக்கு எப்பங்க ஐயா?" என்று கேட்டாள். அவர் என்ன சொன்னார்? "பொறுத்திரு பிள்ளை, வரும்" என்றார். வாய் கூசாமல் வரும் என்றார். கண் கலங்காமல் வரும் என்றார். வராது என்று தெரிந்த மனிதர், வரும் என்றார்.

போன மாதம் அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு லேடி டொக்டர் வயிற்றுத் தழும்பைப் பார்த்தார். "பிள்ளை பெறாம இருக்கத்தானேம்மா இந்த ஆப்பரேஷன்? இனிப் பிறக்காதே. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார்.

பரிமளம் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது சொன்னாள்: "அவரத் திட்டிப்புடாதீங்க. நம்ம வீட்ல ஒக்காந்து குடிச்ச மனுசன்."

கேட்டீர்களா, தாய்மார்களே? அவளிடமிருந்து பிறக்க இருந்த பிள்ளையைப் பறித்தது கத்தி. கோபத்தையும் பறித்தது எது?

"போதும், எறங்கு ராஜலிங்கம்" என்கிறார் அங்கே ஒருவர். இறங்குகிறேன் அண்ணே. சிரித்த முகத்தைக் கண்டால் கேள்வி கேட்க நமக்குக் கூச்சம். கேளுங்கள் தாய்மார்களே. எதை வெட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். எதற்கு வெட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். வெட்டியது திரும்பச் சேருமா என்று கேளுங்கள். அன்பாகப் பேசுகிறவரிடம் இரண்டு தரம் கேளுங்கள்.

தலைவரே, பொன்னாடையை என் கையில் தந்தீர்கள். நான் போர்த்தமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்.

டொக்டர் ஐயா, பரிமளம் அதோ தூணோரம் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கும் அவளுக்கு உங்கள்மேல் கோபமில்லை. அவள் முகத்தைப் பார்த்து, அதே மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இனிப் பிறக்காது என்று, அவளை வெட்டிய அன்றே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? மைக்கை உங்கள் கதிரைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.