செசிலி வீட்டு மதர்போர்டு

கெப்பாசிட்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களோடு பேசுவது எனக்கு எப்போதும் சிரமம். நீங்கள் இன்ஸ்பெக்டர், படித்தவர், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மதர்போர்டில் சின்னச் சின்ன டப்பாபோல நிற்கும். மட்டமான சரக்காக இருந்தால் தலை வீங்கும், பழுப்பாகக் கசியும், மிஷின் பத்து நிமிடம் ஓடிப் படுத்துவிடும். கெட்டதைப் பிடுங்கிப் புதிது வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. முட்டம் ஜங்ஷனில் அதைச் சுத்தமாகச் செய்ய இந்த ரசலையன் ஒருவன்தான். மற்றவனெல்லாம் போர்டையே மாற்றச் சொல்லுவான்.

கடியப்பட்டணம் செசிலி கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்தது 2007 ஆவணியில். புருஷன் யேசுதாசனுக்கு பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் வேலை. முகம் பார்த்துப் பேசுவார்களாம். மீன் ஏலத்தில் நிற்கிறவளுக்கு வெப்கேமரா. இருக்கட்டும். ஐந்து கெப்பாசிட்டர் போயிருந்தது. சாயங்காலம் வரச் சொன்னால் மூன்று மணிக்கே வந்து நின்றாள். நான் இன்னும் பற்றவைக்கத் தொடங்கவில்லை. நாலு பேர் முன்னால் சொன்னாள்:

"பழைய சாமானத் தந்திரணும். இல்லன்னா மாத்துனியளா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

டிப்ளமோ படித்தவன் நான். பதினேழு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உள்ளே போய், குப்பையில் கிடந்த செத்த போர்டு ஒன்றிலிருந்து வீங்கின ஐந்தைப் பிடுங்கி ஒரு கவரில் போட்டேன். அவள் போர்டில் கசிவைத் துடைத்து, வீங்கின தலைகளைப் பிளையரால் அமுக்கி, அப்படியே மூடிக் கொடுத்தேன். அவள் கவரைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தலையாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு மூன்று முறை வந்தாள், பேச்சு பாதியில் நிற்கிறது என்று. உப்புக்காற்று என்றேன். கடற்கரைக்காரர்களிடம் உப்புக்காற்று என்று சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். ஆனால் யேசுதாசன் நம்பவில்லை. தான் பேச உட்கார்ந்தால் மட்டும் படம் போகிறது, வேண்டுமென்றே அணைக்கிறாள், வேறு எவனோ இருக்கிறான் என்று அவனுக்குச் சந்தேகம். ஐப்பசியில் அவள் கடைசியாக வந்தபோது கடைக்குள் ஏறவில்லை.

"அண்ணே, அவரு உங்கள போன்ல விளிப்பாரு. மிசினு கேடுதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னா என்னெக் கொன்னுபோடுவாரு."

சரி என்றேன். பெண்கள் ஆத்திரத்தில் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா சார்?

மறுநாள் போன் வந்தது. மரியாதையாகத்தான் கேட்டான். "அண்ணே, சத்தியமாச் சொல்லுங்க, அந்த மிசினு கேடா?"

நன்றாக ஓடுகிறது என்றேன். ஐந்தையும் நான்தான் மாற்றினேன், பழையதை அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன் என்றேன்.  தேங்க்ஸ் சொல்லி வைத்தான்.

சொல்லாமல் லீவில் வந்தவன் முதலில் அந்தக் கவரைத்தான் கேட்டானாம். மிஷின் கெட்டதற்கு நல்ல சாட்சி என்று நினைத்து அவளே எடுத்து நீட்டினாளாம். அவனுக்கோ அது, எல்லாம் மாற்றியாகிவிட்டது, மிஷின் நன்றாக ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. அவன் அம்மை கிளாரா எழுதிக் கொடுத்ததில் எல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செசிலி போய்விட்டாள். மகள் ரெஜிஷாவுக்கு ஆறு வயது. கையை அடக்கத் தெரியாதவன் செய்த வேலைக்கு நான் என்ன செய்ய முடியும்?

மிஷின் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி நீங்களே பெட்டியை என்னிடம் அனுப்பினீர்கள். அவள் பொய் சொன்னாளா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வேறு வழி இல்லை. திறந்தேன். ஐந்தும் கசிந்து போர்டு பழுப்பேறிக் கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் அவள் சொன்னது சத்தியம் என்று ஆகியிருக்கும். நான் ஐந்தையும் பிடுங்கிவிட்டு ஒரிஜினல் ஜப்பான் சரக்கு வைத்துப் பற்றவைத்தேன். உங்கள் கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நான் மறைக்கவில்லை. இப்போது நாள் முழுக்க ஓடுகிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஏன் மாற்றினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அந்தப் பெட்டியில் என் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது சார். கோர்ட்டில் நாலு படித்தவர்கள் பார்க்கிற இடத்துக்கு, கசிகிற போர்டை நான் எப்படி அனுப்புவேன்?