மாத்திரைக் குடம்

ஷட்டரில் தடதடவென்று நாலு அடி விழுந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தட்டுகிற விதத்தை வைத்தே வந்தவருக்கு என்ன உபாதை என்று சொல்லிவிடுவேன். மலச்சிக்கல்காரர் தயங்கித் தயங்கித் தட்டுவார். வாயுக்காரர் தட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். நீங்கள் லத்தியால் தட்டினீர்கள். அதற்கு என்னிடம் சூரணம் இல்லை.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், பார்த்து.

என் பெயர் முனிராஜ். சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டு மருந்துக் கடை. இதய வால்வு மாற்றியவர்களுக்கும், நெஞ்சு தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள், தெரியுமல்லவா? கூடவே ஒரு கையேடும் கொடுப்பார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தாதே, கீரையைத் திடீரென்று கூட்டாதே குறைக்காதே, டாக்டரைக் கேட்காமல் நாட்டு மருந்தைத் தொடாதே, தவறாமல் ரத்தப் பரிசோதனை செய் என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கை. அதைப் படித்து மிரண்டவர் நேரே என்னிடம் வருவார். அந்தக் கையேட்டைப் போல எனக்கு விளம்பரம் செய்தவர் யாருமில்லை.

"இயற்கையா ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பார்.

இருந்தது. மருதம்பட்டை, பூண்டு, இஞ்சி, மஞ்சள் சேர்த்த சூரணம். வாசலில் ஒரு பித்தளைக் குடம் பார்த்தீர்கள் அல்லவா? சூரணம் வாங்குகிறவர் தன் பழைய மாத்திரைகளை அதில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நானாகச் சேர்த்தது. ஜனங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

குண்டலுபேட்டைத் தக்காளி வியாபாரி கரியப்பனும் அப்படித்தான் போட்டுவிட்டுப் போனார். பத்தொன்பதாம் நாள் அவருக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. அவர் மனைவி மல்லம்மா வந்து என்னைத் திட்டக்கூட இல்லை.

"இவருதானுங்கண்ணா, ஒரு வேளை சூரணத்த விட்டுப்போட்டாரு" என்று புருஷனைத்தான் நொந்துகொண்டார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டேன், ஆனால் இறங்கவில்லை. வேறொருவன் என்றால் கடையை மூடியிருப்பான். நான் மருந்தை மேம்படுத்தினேன்.

குடத்தைக் கவிழ்த்தேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரைகளை மட்டும் மிக்ஸியில் பொடித்துச் சூரணத்தில் கலந்தேன். அதன்பிறகு எத்தனை நல்ல பெயர்! "மாத்திரைய விட்டும் ரிப்போர்ட்டு சரியா இருக்குதே, டாக்டரே முழிக்கறாரு" என்று கட்டிப்பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் குடத்தில் போட்ட மாத்திரையைத்தான் பொட்டலத்தில் வாங்கிப் போனார்கள். யாருடையது யாருக்குப் போயிற்று என்பது மட்டும் கொஞ்சம் முன்பின் ஆகியிருக்கும். அளவா? தராசெல்லாம் கிடையாது. கைப்பக்குவம்.

ராமக்காள் விஷயத்துக்கு வருகிறேன். வால்வு மாற்றிய அம்மாள். வாய்த்துடுக்கு அதிகம். "அந்த டாக்டரு மாசாமாசம் ரத்தத்த உறியறானே, கொசுகூடக் கொஞ்சம் பாவ புண்ணியம் பாக்கும்" என்று சொல்லிக்கொண்டே குடத்தில் மாத்திரையைக் கொட்டியவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அவருடைய மருமகள் ஸ்வாதி, கையேட்டை நம்புகிற ரகம். மாமியார் மாத்திரையை விட்டுவிட்டாரே என்று பயந்து, புதிதாக வாங்கி, தினமும் ஒன்றைப் பொடித்து ராகிக் களியில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? அவளே வந்து சொன்னாள். போன மாதம், ஒரு சனிக்கிழமை. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கையில் என் பொட்டலம்.

"அண்ணா, அத்தைக்கு ஈறுல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. தோல்ல எல்லாம் நீலநீலமா திட்டு. நான் களியில மாத்திரை வெச்சுக் குடுத்துட்டிருக்கேன். இதுலயும் அந்த மாத்திரை கலந்திருந்தா நிஜத்தச் சொல்லுங்க, இப்பவே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நல்ல பெண். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனாலும் அந்த நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் இருவர் குடத்தருகே மாத்திரையும் கையுமாக.

யோசித்துப் பாருங்கள். என் சூரணத்தை நம்பி எத்தனை பேர்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேருடைய நம்பிக்கையும் போய்விடும். நம்பிக்கை போனால் நோயாளி தேறுவானா?

"வேரும் பட்டையும் தவிர ஒண்ணுமில்லம்மா" என்றேன். "கெட்ட ரத்தம் வெளியேறுது, நல்ல அறிகுறி. ஒரு ஸ்பூன இனிமே ரெண்டாக்கிக் குடு."

பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஸ்வாதி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் ராமக்காளுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தது. அன்றே போய்விட்டார். மார்க்கெட்டில் நல்ல மல்லிகை மாலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். ஸ்வாதி என்னைப் பார்த்ததும், "நான் களியில வெச்சதுதான் அத்தையக் கொன்னிருச்சு அண்ணா" என்று அழுதாள். அழட்டும், பாரம் குறையும் என்று விட்டுவிட்டேன். அவள் அந்தப் பொட்டலத்தைப் பத்திரமாக வைத்திருந்து உங்களிடம் கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் மாத்திரை இருப்பது தெரியும். களியில் இருப்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறது, அதுவும் தெரியும். தெரிந்துதான் இரண்டு ஸ்பூன் என்றேன். கொலை என்று நீங்கள் எழுதினால் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் இயற்கை மருத்துவத்தின் மீது எனக்குள்ள நம்பிக்கையை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

கிளம்பலாம். சட்டை மாட்டிக்கொள்கிறேன். பையில் என்னவா? தாராளமாக எடுத்துப் பாருங்கள். ஆமாம், அதே மாத்திரைதான். எனக்கும் நெஞ்சுத் துடிப்பு சரியில்லை, ஆறு வருடமாக.

கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், வேளையாகிவிட்டது. சூரணம் கீரணம் என்று எதையும் நம்பி ஒரு நாள்கூட இதை விட்டுவிடாதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.