ஒரே கிளையில் இரண்டு தேன்சிட்டு

தோட்டத்துப் பறவைகளைப் பார்க்க விலை உயர்ந்த பைனாகுலர் தேவையே இல்லை, அண்ணி. பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். நம்பாதீர்கள், கை லேசாக ஆடினாலே குருவி கூத்தாடும். எட்டு மடங்கு போதும். கண்ணாடி போட்டவர் என்றால், கண் வைக்கிற இடத்து ரப்பர் மடிகிறதா என்று பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் நான். உங்கள் தம்பிக்குப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

பஸ் ஓட்டிவிட்டு வந்தால் முன்பெல்லாம் என்னோடு வாயாடுவார். பைனாகுலர் வந்தபின் தோட்டத்து ஜன்னலே கதி. தேன்சிட்டு எனக்குச் சக்களத்தியாகிவிட்டது. ஒருநாள் லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தில் விரல் கிழிந்து, கட்டோடு வந்து அவர் எதிரில் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, கிளை மறைக்குது," என்றார்.

அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அந்த பைனாகுலரில் ரப்பர் உறைக்கு அடியில் ஒரு பொடித் திருகு உண்டு. அதைத் துளி திருப்பினால் இரண்டு குழலும் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

மறுநாள், "இங்க பாரேன், ஒரே கிளையில ரெண்டு தேன்சிட்டு!" என்று குதித்தார் பாவம். சாயங்காலத்துக்குள் தலைவலி. நெற்றிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு என் மடியில் தலை வைத்தார் தெரியுமா?

ஆனால் பைனாகுலரை மூட்டை கட்டினால் தலைவலியும் போய்விடுமே. அதனால் அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் புது லென்ஸ் தேய்த்தேன், கொஞ்சம் சாய்வாக. ரோடும் இரண்டு, எதிரே வரும் லாரியும் இரண்டு. கழற்றினால் எல்லாம் மங்கல். மங்கலுக்கு இரண்டு மேல் என்று போட்டுக்கொண்டார். கடையில் நானே சோதித்து, "நரம்புக் கோளாறுங்க, டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாது," என்று சொல்லிவிட்டேன். பஸ் ஒரு மதிலில் மோதியது. நாலு பேருக்குக் காயம்தான், உயிருக்கு ஒன்றுமில்லை. அன்றே வேலையை விட்டார். ஸ்டியரிங் பிடித்த கை இப்போது என் தோளைப் பிடித்து நடக்கிறது.

"அது என்ன பறவைம்மா?" என்று என்னைத்தான் கேட்கிறார். வெறும் கிளையைப் பார்த்து மைனா என்பேன். அழகா இருக்கா என்பார். இருக்கு என்பேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

நாளைக்கு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயே தீருவேன் என்று நிற்கிறீர்கள். கூடப்பிறந்தவள், பதறத்தான் செய்வீர்கள், எனக்குக் கோபமில்லை. இதையெல்லாம் இப்போதே அவரிடம் சொல்வதானாலும் சொல்லுங்கள், கீழேதான் இருக்கிறார். மாடிப்படியில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், அண்ணி. காலையிலிருந்து தலை சுற்றுகிறது என்றீர்களே, நேற்று நீங்கள் பழுதுபார்க்கக் கொடுத்த கண்ணாடிக்கும் லென்ஸ் நான்தான் மாற்றினேன்.